வால் நீண்ட பொட்டலம்

சாயங்காலம் நம் பிளாக்குக்குக் கீழே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேலே விமானம் போனால் நீங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறீர்கள். நான் மட்டும் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கழுத்து வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. நம்மில் பாதிப் பேருக்கு வராது, அதில் என்ன வெட்கம். இரண்டாங் கிளாஸில் அம்மை போட்டது, இறங்கியபின் யாரும் என்னைத் திரும்ப அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்தது மதியம் போட்ட உப்புமா மட்டும்தான். அந்த மக்காச்சோள வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. சரி, உப்புமாவை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் கடைசி. இரும்புலியூரில் ஏரிக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஒரே மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அந்த மகனை அப்பாதான் வளர்த்தார், தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போவாராம், என் அண்ணனைக்கூட அப்படித் தூக்கியதில்லை என்று அம்மா சொன்னாள். அந்த மகன் பெரியவராகி வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார். அன்றைக்கு அப்பா கிணற்றடியில் தலைமுழுகினார். செத்தவனுக்கு முழுகுவதுபோல. ஈர வேட்டியோடு நின்று, இனிமேல் இந்த வீட்டில் அவன் பேர் எடுக்கக் கூடாது என்றார். அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பெற்ற அத்தையும் எடுக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், அம்மா சொல்லித்தான் தெரியும். நீங்கள் குழம்பக் கூடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மகன் அப்போது நாக்பூரில் இருந்தார். அங்கே இருந்து அத்தைக்கு ஒரு கார்டு வந்திருந்தது. அத்தைக்கு எப்படியாவது நாக்பூர் போக வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் அப்பா ஏரிப்பக்கத்து நிலத்தை மனை போட்டு விற்றார். விற்ற கையோடு ஒரு பழைய அம்பாசடர் கார் வாங்கினார். கறுப்பு. எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். ரெக்சின் சீட்டு வெயிலில் காய்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிளாஸ்திரி பிய்ப்பதுபோல வலிக்கும். எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார், கிறிஸ்தவர், நல்ல மனிதர், கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அச்சப்பமும் கொடுத்தனுப்புவார். அவர் குடும்பத்தோடு முந்தின லீவில் டில்லி போய்விட்டு வந்து தாஜ்மஹாலை ஆறு மாதம் பேசினார். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. டில்லியில் சித்தப்பா கவர்ன்மென்ட் ஆபீசில் இருந்தார். இந்தப் பெரிய லீவுக்கு எல்லாரும் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்று எழுதினார். சரி, போவது என்று முடிவானது. எப்படிப் போவது என்பதில்தான் வந்தது வினை.

அத்தை முதலில் ரயில் என்றாள்.

"ரயில்ல வாத்தியார் போய்ட்டு வந்துட்டாரு" என்றார் அப்பா. "அவர் போனதுல நான் போவவா? தெனம் எலெக்ட்ரிக் ரயில் மூஞ்சிலதான் முழிச்சிகினு கீறோம். கார்ல போவலாம்."

அதைக் கேட்டுக்கொண்டே என் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. மீனம்பாக்கம் ஏரோட்ரோமில் மூட்டை ஏற்றும் வேலை. எட்டு வருஷமாக விமானத்தின் வயிற்றில் பெட்டி அடுக்கியவர், ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

"மாமா, கார்ல டில்லியா?" என்றார். "நீங்க வண்டலூர் மேட்ல ஏத்துறதுக்கே மூணு பேர் தள்ளணும். பிளேன்ல போங்க. காலீல காபி இங்க, மத்தியானம் சாப்பாடு அங்க."

"அது வுழுந்துச்சின்னா?"

"வுழுந்தா ஒங்க பேரு பேப்பர்ல வரும். வாத்தியாருக்கு வருமா?"

அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு மாதம் வீடே இரண்டாகக் கிடந்தது. அம்மாவும் நானும் பிளேன். அண்ணனும் அத்தையும் கார். அப்பா காலையில் கார், சாயங்காலம் மாமா வந்து போனபின் பிளேன்.

எல்லாருக்கும் ஆச்சரியம் அத்தையைப் பார்த்துத்தான். காரில் உட்காரவே பயந்தவள். வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் வைத்துச் சக்கரத்தை ஏற்றியபோது மாட்டுக் கொட்டகையில் போய் நின்றவள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வரமாட்டாள், வெள்ளைப் புடவை எதிரே வரக் கூடாதாம், யாரும் சொல்லாமலே போய்விடுவாள். அப்படிப்பட்டவள் இப்போது காருக்காக வாயாடினாள். காரில் போனால் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம் என்றாள். வழியில் குளம் குட்டை பார்த்துக் குளிக்கலாம் என்றாள். ஆகாசத்தில் குழந்தைக்கு ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வாய் என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா என்னிடம் சொன்னாள், "அத்தைக்கு பிளேன்னா பயம்டி. வெளில சொல்ல வெக்கம்." அப்பா அதையும் தாண்டி நினைத்தார். தம்பி இவ்வளவு உயரத்துக்குப் போவது அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்று ஒருநாள் அவள் காதுபடவே சொன்னார். அத்தை முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல் ஒன்றும் எடுக்கவில்லை.

வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து பள்ளிக்கூட அட்லஸோடு வந்தார். அப்பா வழி கேட்டிருந்தார். படத்தை விரித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே ஊர் ஊராகச் சொன்னார். நெல்லூர், விஜயவாடா, ஐதராபாத், நாக்பூர். வெளி ஆண்கள் வந்தால் சமையலறையை விட்டு வராத அத்தை, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"சார், அந்தக் கடைசீல சொன்ன ஊரு. அங்க காரை நிப்பாட்டுவாங்களா?"

"நாக்பூராம்மா? நிறுத்தித்தான் ஆகணும். அவ்ளோ தூரம் ஓட்டிட்டுப் போய் ஒரு நாளாவது தங்காம முடியாது. ஆரஞ்சுக்குப் பேர் போன ஊரு."

"ஆரஞ்சா" என்றாள் அத்தை. "எனக்கு ஆரஞ்சுன்னா இஷ்டம்."

அத்தை ஆரஞ்சு தின்று நான் பார்த்ததேயில்லை. பல் கூசும் என்பாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அட்லஸை மடித்து வாத்தியாரிடம் கொடுத்தார்.

காரை வெள்ளோட்டம் பார்க்க அடுத்த வாரம் கோவளம் போனோம். வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாக. அப்பாவுக்கு ஓட்ட வந்து இரண்டு மாதம்தான். கியர் மாற்றும்போதெல்லாம் எங்கள் தலை எல்லாம் ஒரே சமயத்தில் ஆமாம் ஆமாம் என்று ஆடும். பெட்ரோல் வாசனையும் சூடும் சேர்ந்து நான் மூன்று இடத்தில் வாந்தி எடுத்தேன். கோவளத்தில் இறங்கினால் கரையில் மீன் ஏலம், நெத்திலி மலைபோலக் கொட்டிக் கிடக்கிறது, அந்த வாசனைக்கு நான்காவது. அத்தைதான் என் வாயைத் துடைத்து, மடியில் படுக்கவைத்து, எலுமிச்சை இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். "பழகிடும் கண்ணு, ரெண்டு நாள்ல பழகிடும். அத்தை கூடவே இருப்பேன்ல" என்றாள். எனக்குப் பழகவே வேண்டாம் என்றிருந்தது. மாமா வேறு சொல்லியிருந்தார், பிளேனில் மேகம் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், பிட்டுத் தின்னலாம் என்று. நானும் தெருப் பிள்ளைகளிடம் உங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், எல்லாரும் படுத்திருந்த நேரம், அத்தை என்னை மாட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். இடுப்பிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். சமையல் கையால் தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"ரெண்டாவது வரைக்கும் போனல்ல. இத கொஞ்சம் படி."

நான் வாங்கிப் பார்த்தேன். எறும்பு வரிசைபோல இருந்தது. க தெரிந்தது, ட தெரிந்தது, மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"தெரில அத்தை. அண்ணன கூப்டவா?"

"வேணாம் வேணாம். அவன் உங்கப்பன்கிட்ட சொல்லிடுவான்." வாங்கி மடித்துக்கொண்டாள். "தபால்காரரு ஒரு தரம் படிச்சிச் சொன்னாரு. இன்னொரு தரம் கேக்கலாம்னா அந்தாளு உங்கப்பன் கூடச் சீட்டாடுறவன். ஒரு தரம் கேட்டது அப்பிடியே நிக்க மாட்டேங்குது."

நான் யார் எழுதியது என்றுகூடக் கேட்கவில்லை. கன்றுக்குட்டி என் பாவாடையைச் சப்பிக்கொண்டிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீவு ஆரம்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. அன்றைக்கு மாமா டிக்கெட் சொல்லட்டுமா என்று வந்து நிற்கிறார். அண்ணன் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முறைக்கிறான். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது அத்தை சொன்னாள்.

"தம்பி, அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம். ஆத்தா இன்னா சொல்றாளோ அதான்."

உங்களுக்குத் தெரியும், கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்பதும் வயிற்றைக் கிழிக்கலாமா என்று கேட்பதும் நம் பக்கத்தில் அப்படித்தான். கார் பிளேனுக்கு யாரும் பூக்கட்டிக் கேட்டதில்லை. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. உடனே, "அதான் சரி, ஆத்தாவே சொல்லட்டும். அவ சொன்னா நான் மாறமாட்டேன்" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சம்மதித்து நாங்கள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஏரிக்கரைக் கோயில். வெள்ளை அரளி வந்தால் கார், சிவப்பு அரளி வந்தால் பிளேன். வாழையிலைத் துண்டில் ஒவ்வொரு பூவை வைத்து மடித்து நாரால் கட்டிப் பூசாரி கையில் கொடுப்பது அத்தையின் வேலை. எடுப்பது என் வேலை. சின்னப் பெண் எடுத்தால்தான் பொய் இருக்காது என்பார்கள்.

வீட்டில் எனக்குத் தலைக்கு ஊற்றிப் பின்னிவிடும்போது அத்தை என் காதில் சொன்னாள்.

"கண்ணு, ரெண்டு பொட்டலம் வெப்பாங்க. ஒண்ணுல நார் வால் மாதிரி நீட்டிகினு இருக்கும். அத எடு. அத்தைக்காக."

"ஏன் அத்தை?"

"அப்பறம் சொல்றேன். எடுப்பல்ல?"

"எடுக்கிறேன்."

சீப்பு என் தலையில் நின்றுவிட்டது. சாமி விஷயத்தில் தப்புச் செய்கிறோம் என்று அவளுக்கு நடுக்கம் போலிருக்கிறது. சாமி அறைப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோயிலில் கற்பூரப் புகை. பித்தளைத் தட்டில் இரண்டு பச்சைப் பொட்டலம். பூசாரி குலுக்கிவிட்டு என் முன்னால் நீட்டினார். வலது பக்கப் பொட்டலத்தில் நார் நீண்டு, தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. குருடனுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. வாயில் கோவளத்து வாந்திப் புளிப்பு வந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் மேகம் வந்தது. நான் இடது பக்கம் கையை வைத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

மாமா விசில் அடித்துப் பூசாரியிடம் திட்டு வாங்கினார். அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தாள். அப்பா மட்டும் தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "சரி, ஆத்தா சொல்லிட்டா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

வரும் வழியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஏரிக்கரையில் ஆள் இல்லாத இடத்தில் கேட்டாள்.

"மறந்துட்டியா கண்ணு?"

"ஆமா அத்தை."

"போவட்டும்" என்றாள். கையை விடவில்லை.

அவள் என்னை எப்படித் திட்டுவாள்? திட்டினால் பொட்டலத்துக்கு வால் வைத்தது வெளியே வரும். அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. ஒன்பது வயதில் அவ்வளவு கணக்குத் தெரிந்த எனக்கு ஒரு கார்டு படிக்கத் தெரியவில்லை.

அத்தை டில்லிக்கு வரவில்லை. மாட்டை யார் பார்ப்பது என்றாள். அப்பா ஒரு தரம் கூப்பிட்டார், அவள் மறுத்ததும் விட்டுவிட்டார். கிளம்பிய அன்று தெருவே மாலையோடு மீனம்பாக்கம் வந்தது. வாத்தியார் கைகொடுத்தார், அப்பா அந்தக் கையை விடவேயில்லை. நாங்கள் வீட்டை விட்டு இறங்கும்போது அத்தை வழக்கம்போலக் கொட்டகையில் இருந்தாள். வைக்கோல் உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

விமானத்தைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு அலுக்கும், இப்போது பேரன் பேத்தி எல்லாம் பஸ் மாதிரி ஏறுகிறார்கள். எனக்கு அன்று சொர்க்கம். பட்டுப்புடவை கட்டிய பெண் தட்டில் காதுக்குப் பஞ்சும் வாய்க்கு மிட்டாயும் நீட்டினாள். அண்ணன் பஞ்சை வாயில் போட்டுக்கொண்டான். நான் ஒரு மிட்டாய் தின்றேன், ஒன்றை அத்தைக்கென்று பாவாடை முடிச்சில் வைத்தேன். ஜன்னல் சீட் எனக்கு. மேகம் இருந்தது. ஜன்னல் திறக்கவில்லை.

பாதி வழியில் அப்பா பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டார். "சார், இந்த நாக்பூர் எப்ப வரும்?"

"அங்க இது நிக்காதுங்க. மேலயே போயிடும்."

"நிக்காதுன்னு தெரியும் சார். எந்தப் பக்கம் வரும்னு கேட்டேன்."

"இப்பதான் தாண்டிகிட்டு இருக்கோம்னு நினைக்கிறேன்."

அப்பா என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். நான் அழுதேன். அவர் காதில் விழவில்லை. என் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டேயிருந்தார். வெறும் வெள்ளை. கண்ணாடியில் அவர் மூச்சு புகையாகப் படிந்தது, துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார் என்று நான் டில்லிவரை அவரோடு பேசவில்லை.

சீட்டாடிய தபால்காரர் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பார்? அப்பாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தலைமுழுகிய மனிதர் தானாக நாக்பூர் பக்கம் காரைத் திருப்ப முடியாது. ஆத்தா சொன்னால் திருப்பலாம். அதனால்தான் பூவுக்கு அவ்வளவு சீக்கிரம் சரி என்றார். இது எனக்குப் புரியும்போது அவர் போய்ப் பத்து வருஷமாகியிருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே ஊருக்குப் போக ஆசைப்பட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், என் கையை நம்பி நின்றிருக்கிறார்கள்.

டில்லியும் தாஜ்மஹாலும் எல்லாம் ஆயிற்று. திரும்பி வந்ததும் அத்தையிடம் மிட்டாயைக் கொடுத்தேன். பாவாடையில் இருந்து பிசுபிசுத்துப் போயிருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மேலேருந்து பாத்தா ஊரெல்லாம் தெரிஞ்சிதா கண்ணு?"

"மேகந்தான் அத்தை."

"வூடு, மனுஷங்கல்லாம்?"

"ஒண்ணும் தெரில."

"ம்" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

கார் புளியமரத்தடியில் நின்று, கோழி அதில் முட்டையிட்டு, யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தை நான்கு வருஷம் இருந்தாள். அவள் போனபின் அவளுடைய பவுடர் டப்பாவை யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அந்தக் கார்டு. அப்புறம் ஒட்டிக்கொண்ட காகிதத்தோடு என் மிட்டாய், தின்னாமல் வைத்திருந்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கார்டை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. என் மகள் எம்.ஏ. படித்தவள், அவளிடமும் கொடுக்கவில்லை. பயம்தான்.

போன மாதம் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள் அல்லவா, அன்றைக்குப் பேத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். மங்கிப்போயிருந்தது. செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு படித்தாள்.

"அம்மாவுக்கு. நல்லா இருக்கோம். உனக்குப் பேத்தி பொறந்திருக்கா. உன் பேர்தான் வச்சிருக்கு. உன்னை மாதிரியே மேல் உதட்டில் மச்சம். ஆனி மாசம் வரைக்கும் இந்த ஊர்தான், அப்புறம் வேலை எந்த ஊருக்குப் போடுவார்களோ தெரியாது. மாமாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார். நீ வரவில்லை என்றால் நீயும் முழுகிவிட்டாய் என்று நினைத்துக்கொள்வேன், இனிமேல் எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்."

மாமா என்று எழுதியிருந்தது என் அப்பாவை. சொன்னபடியே அவர் அப்புறம் எழுதவில்லை. எங்கே போனார்களோ. அந்தக் குழந்தையும் இப்போது அறுபதை நெருங்கியிருக்கும். எங்கோ ஒரு பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருப்பாள், மேல் உதட்டில் மச்சத்தோடு.

பேத்தி கார்டை மடிக்கப் போனாள். இன்னொரு தரம் படி என்றேன். படித்தாள். அது முடிந்ததும், இன்னும் ஒரு தரம், மெதுவாக, என்றேன்.

"கேட்டுட்டியே பாட்டி. ஒனக்கு எதுக்கு இத்தினி தரம்?"

"எனக்கில்லடி" என்றேன். "நீ படி."